நரம்பு ஒரு கம்பி அல்ல

பெரிய மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவில் நரம்பின் வேகத்தை அளக்கும் என்.சி.எஸ். சோதனை எடுக்கும் அறை ஒன்று இருக்கும். விரல் மரத்துப்போகிறது, ராத்திரியில் கை கடுகடுக்கிறது என்று வருகிறவர்களை மருத்துவர் அங்கே அனுப்புவார். கட்டை விரலின் அடிச்சதையில் சிறு மின்முனைகளை ஒட்டிவிட்டு, மணிக்கட்டில் ஒரு சின்ன ஷாக் கொடுப்பார்கள். விரல் தன்னால் துள்ளும்; திரையில் ஒரு அலை எழும். அடுத்து முழங்கை மடிப்பில் அதே ஷாக். அதே விரல் துள்ளும், அதே அலை எழும், சற்றே தாமதமாக. டெக்னீஷியன் சாதாரண டேப் ஒன்றை எடுத்து ஷாக் கொடுத்த இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பார். 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அலைகளுக்கும் உள்ள நேர வித்தியாசம் 4 மில்லி செகண்ட். தூரத்தை நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 55 மீட்டர். கையின் நடு நரம்புக்கு 50க்கு மேல் வந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கை சில்லிட்டிருந்தால் சோதனையைத் தொடங்கும் முன் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்வார்கள். தோலின் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் நரம்பின் வேகமும் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் இறங்கிவிடும். ஏசி அறையின் குளிரே நல்ல நரம்பை நோயுற்ற நரம்பாகக் காட்டிவிடக்கூடும்.

செம்புக் கம்பியில் போகும் மின் சமிக்ஞைக்கு இப்படிக் குளிர்காய வேண்டிய அவசியம் இல்லை. அது விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் அளவில் பாய்கிறது. நரம்பின் 50 மீட்டரோடு ஒப்பிட்டால் 40 லட்சம் மடங்கு அதிகம். பள்ளியில் மூளையைத் தொலைபேசி நிலையமாகவும் நரம்புகளை அதன் கம்பிகளாகவும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. அந்தப் படத்தைக் கழற்றி வைப்பதுதான் முதல் வேலை.

நரம்பின் வேகத்தை முதலில் அளந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அப்போது அவருக்கு 28 வயது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர். அந்த ஊர் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. கால்வானி தவளைக் காலைத் துள்ளவைத்து அரை நூற்றாண்டு கடந்திருந்ததால், நரம்புக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் என்றாலே கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்பதும் எல்லோருடைய எண்ணம். ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆசான் ஜோஹான்னஸ் முல்லர் அந்தக் காலத்து உடலியலின் பீடாதிபதி போன்றவர். நரம்பின் வேகத்தை அளக்கும் வழி நமக்கு ஒருபோதும் கிடைக்காமலே போகலாம் என்று தன் பாடநூலிலேயே எழுதிவைத்திருந்தார்.

மாணவர் தவளையின் கெண்டைக்கால் தசையை, அதற்குப் போகும் நரம்போடு சேர்த்துப் பிரித்தெடுத்தார். ஆயிரத்தில் ஒரு விநாடியைக் காட்டும் கடிகாரம் அன்று கிடையாது. அதனால் ஒரு மின்சுற்றையே கடிகாரமாக்கினார். நரம்புக்கு ஷாக் கொடுக்கும் கணத்தில் அந்தச் சுற்றில் மின்சாரம் ஓடத் தொடங்கும். தசை சுருங்கி எடையைத் தூக்கும் கணத்தில் தொடர்பு அறுந்து நின்றுவிடும். இடையில் எவ்வளவு நேரம் ஓடியதோ அதற்கேற்ப கால்வனோமீட்டரின் முள் சாயும். தசைக்கு அருகே ஒரு முறை, சில சென்டிமீட்டர் தள்ளி ஒரு முறை என்று ஷாக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். தசை சுருங்கத் தொடங்குவதற்கு ஆகும் நேரம், நரம்பு முனையில் ஏற்படும் தாமதம் எல்லாம் இரண்டு அளவீடுகளுக்கும் பொது என்பதால் அடிபட்டுப் போயின. நரம்பில் ஓடிய நேரம் மட்டும் மிஞ்சியது. மனைவி ஓல்கா பக்கத்தில் இருந்து அளவுகளைக் குறித்துக்கொடுத்தார்.

1850 ஜனவரியில் முடிவைச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். விநாடிக்கு 24.6 முதல் 38.4 மீட்டர் வரை. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவே திணறும் வேகம். என்.சி.எஸ். அறையில் இன்று நடப்பதும் இதே கழித்தல் கணக்குதான். தவளை போய் மனிதர் வந்திருக்கிறார், முள் போய்த் திரை வந்திருக்கிறது.

இவ்வளவு மெதுவாகப் போகிறதென்றால் அது வெறும் மின்னோட்டமாக இருக்க முடியாது. அப்படியானால் அது என்ன என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

நரம்பணுவிலிருந்து நீளும் இழைக்கு ஆக்சான் என்று பெயர். கால் விரலுக்குப் போகும் ஆக்சான் முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. அதன் தடிமனோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு என்ற கணக்கு. வலி இழைகள் அதையும்விட மெல்லியவை. உள்ளே இருப்பது உப்புக் கரைந்த கூழ் போன்ற திரவம். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மைதான், ஆனால் உலோகத்தின் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவுக்குக் கடத்தாது. நரம்பு ஆய்வில் பெரும்பெயர் பெற்ற ஆலன் ஹாட்ஜ்கின் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மீட்டர் நீள மெல்லிய நரம்பிழையின் மின்தடைக்குச் சமமான தடை வேண்டுமென்றால், சாதாரணச் செம்புக் கம்பியைப் பூமியிலிருந்து சனி கிரகம் வரையுள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு நீளத்துக்கு இழுக்க வேண்டும்.

போதாக்குறைக்கு ஆக்சானின் சவ்வு கசியும். ஒரு முனையில் செலுத்தும் மின் அழுத்தம் வழியெல்லாம் வெளியே கசிந்துகொண்டே போகும். ஊசிக் கணவாயின் மிகத் தடித்த நரம்பிழையில்கூட, அரை சென்டிமீட்டர் போவதற்குள் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மனித உடலின் மெல்லிய இழையில் ஒரு மில்லிமீட்டருக்கே அந்தக் கதிதான். கம்பியாக மட்டும் இருந்திருந்தால், கால் விரலில் முள் குத்திய செய்தி கணுக்காலைத் தாண்டியிருக்காது.

நடப்பது வேறு. தீபாவளிச் சரவெடியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வெடி வெடிக்கும்போது அதன் சூடு அடுத்த வெடியின் திரியைப் பற்றவைக்கிறது. பற்றவைப்பதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. அடுத்தது வெடிப்பது தன்னிடமிருக்கும் மருந்தால். அதனால்தான் ஆயிரமாவது வெடியின் சத்தம் முதல் வெடியின் சத்தத்துக்குக் கொஞ்சமும் குறைவதில்லை. வெடித்து முடிந்த பக்கம் மருந்து இல்லாததால் தீ திரும்பியும் வராது. நரம்பும் அப்படித்தான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு: வெடித்த இடம் சில மில்லி செகண்டுகளில் மறுபடியும் வெடிக்கத் தயாராகிவிடும்.

அந்த மருந்து என்ன என்று பார்க்க வேண்டும். நம் நரம்பணுவுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே இருப்பதைப்போல ஏறக்குறைய 30 மடங்கு. சோடியம் தலைகீழ், வெளியே அதிகம், உள்ளே பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஓய்வாக இருக்கும் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் கொஞ்சம் கசியவிடும். நேர் மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் அயனிகள் வெளியே நழுவ, உட்புறம் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. வெளியோடு ஒப்பிட்டால் உள்ளே சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு.

70 மில்லிவோல்ட் என்றால் கடிகார பேட்டரியின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். அந்த அழுத்தம் எவ்வளவு தடிமனுக்குக் குறுக்கே நிற்கிறது என்று கேட்டால் நிலைமை மாறிவிடும். சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. சென்டிமீட்டர் கணக்குக்கு மாற்றினால் ஒரு சென்டிமீட்டருக்கு 1 லட்சம் வோல்ட். காற்றில் மின்பொறி தெறிப்பதற்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நம் உடலின் ஒவ்வொரு நரம்பணுவும் அமைதியாக இருக்கும்போதே இந்த இழுவிசையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சவ்வுக்குள் பதிந்திருக்கும் புரதங்கள் ஒரு சிறு அழுத்த மாற்றத்துக்கே வடிவம் மாறுவது இதனால்தான்.

இவ்வளவும் உறுதியாகத் தெரியவந்தது ஊசிக் கணவாயின் புண்ணியத்தில். ஆபத்து என்றால் கணவாய் தன் உடல் உறையைச் சுருக்கி நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும். அந்த உறைக்குப் போகும் நரம்பிழைகள் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டவை. வெறும் கண்ணுக்கே தெரியும். ரத்தக் குழாய் என்று நினைக்கும் அளவுக்குப் பெரியவை. அவை நரம்பிழைகள்தான் என்று 1930களில் எடுத்துக்காட்டியவர் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜே. இசட். யங். இந்த இழைகளின் அமைப்பில் ஓர் அழகு இருக்கிறது. உறையின் தொலைவான பகுதிக்குப் போகும் இழைதான் எல்லாவற்றிலும் தடிமன். தடிமன் கூடினால் வேகம் கூடும். அதனால் அருகிலுள்ள தசையும் தொலைவிலுள்ள தசையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுருங்கும். அப்படிச் சுருங்கினால்தான் பாய்ச்சலில் விசை இருக்கும்.

1939 கோடையில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இருவர் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் இருக்கும் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள். ஆலன் ஹாட்ஜ்கினுக்கு அப்போது வயது 25, ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. ஆக்சானின் உள்திரவம் எவ்வளவு குழகுழப்பாக இருக்கிறது என்று பார்க்க, இழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அதற்குள் பாதரசத் துளியைப் போட்டுப் பார்த்தார் ஹக்ஸ்லி. துளி இறங்கவே இல்லை. உள்ளே இருப்பது கெட்டியான கூழ். சரி, இழையைத்தான் தொங்கவிட்டாயிற்றே, இதே வழியாக ஒரு மின்முனையை இறக்கினால் என்ன என்று தோன்றியது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் குழாயை ஆக்சானுக்குள் நீளவாக்கில் இறக்கினார்கள். பக்கச் சவ்வில் உரசினால் அந்த இடம் செத்துப்போகும். உரசாமல் நடுவாகச் செலுத்துவதற்காகச் சிறு கண்ணாடிகளை வைத்து இரு பக்கமும் ஒரே சமயத்தில் தெரியும்படி ஏற்பாடு செய்தார் ஹக்ஸ்லி.

அதுவரை நிலவிய கருத்து ஜெர்மானியரான யூலியஸ் பெர்ன்ஸ்டைனுடையது. நரம்பில் மின் துடிப்பு எழும்போது சவ்வு தன் கட்டுப்பாட்டை இழந்து எல்லா அயனிகளையும் விட்டுவிடும், உள்ளும் புறமும் சமமாகி வித்தியாசம் பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்றார் அவர். பிளிமத்தில் திரையில் எழுந்த கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி மேலே, நேர்ப் பக்கம் 40 மில்லிவோல்ட் போல ஏறிவிட்டு இறங்கியது. சில நாட்களில் போர் மூண்டது. ஒரு சிறு குறிப்பை மட்டும் அக்டோபரில் வெளியிட்டார்கள்; அதில் ஏன் அப்படி ஏறியது என்பதற்கு விளக்கமே இல்லை. பிறகு ஒருவர் ரேடார் வேலைக்கும் மற்றவர் பீரங்கிக் குறிபார்க்கும் கணக்குகளுக்கும் போய்விட்டார்கள். அந்த நாற்பது மில்லிவோல்ட் எட்டு ஆண்டுகள் காத்திருந்தது.

விடை சோடியம். 1947இல் ஹாட்ஜ்கினும், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த பெர்னார்ட் காட்ஸும் கணவாய் இழையைச் சுற்றியிருந்த கடல் நீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். குறைக்கக் குறைக்கத் துடிப்பின் உச்சி இறங்கியது. மறுபடி கூட்டினால் ஏறியது. சவ்வு எல்லா அயனிகளுக்கும் திறந்துவிடுவதில்லை. ஒரு கணம் சோடியத்துக்கு மட்டும் திறக்கிறது. வெளியே குவிந்துகிடக்கும் சோடியம் உள்ளே பாய, உட்புறம் நேர் மின்னூட்டம் பெறுகிறது. சோடியம் இல்லாவிட்டால் தவளைத் தசை துடிக்காது என்று எர்னஸ்ட் ஓவர்ட்டன் 1902இலேயே எழுதியிருந்தார். ஆனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே போக அன்று ஆளில்லை.

திறப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்பதில் ஒரு சிக்கல். உள்ளே மின் அழுத்தம் கொஞ்சம் ஏறினால், சவ்வில் பதிந்த புரதங்களாலான சோடிய வாயில்கள் சில திறக்கும். சோடியம் புகுந்தால் அழுத்தம் இன்னும் ஏறும், இன்னும் வாயில்கள் திறக்கும். கணத்தில் கை நழுவிப் போய்விடும் சங்கதி. ஓடுவதை நிறுத்திவைத்துப் பார்க்க, அழுத்தத்தை ஒரே அளவில் கட்டிப்போடும் மின்சுற்று வேண்டும். அந்த யோசனையை அமெரிக்காவில் கென்னத் கோலும் ஜார்ஜ் மார்மோன்ட்டும் தொடங்கிவைத்தார்கள். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதைச் செம்மைப்படுத்திக்கொண்டார்கள். அழுத்தத்தை ஒவ்வொரு படியில் பூட்டிவைத்து, எந்த அயனி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தார்கள். சோடிய வாயில்கள் சட்டென்று திறந்து, ஒரு மில்லி செகண்டுக்குள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். பொட்டாசிய வாயில்கள் நிதானமாகத் திறந்து, பொட்டாசியத்தை வெளியேற்றி உட்புறத்தைப் பழைய எதிர்நிலைக்கு இறக்கும். இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் முடிய ஒன்று அல்லது இரண்டு மில்லி செகண்ட்.

1952இல் ஐந்து கட்டுரைகளாக இது வெளிவந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் ஐந்தாவது கட்டுரை. அளந்த எண்களை வைத்து வாயில்களின் நடத்தைக்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். அந்தச் சமன்பாடுகள் உண்மையானால், அளக்காத ஒன்றை அவை சொல்ல வேண்டும்: துடிப்பு இழையில் என்ன வேகத்தில் ஓடும்? கேம்பிரிட்ஜின் கணினி மாற்றியமைப்புக்காக மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, காலத்தைத் துளித்துளியாக நகர்த்தி, வாரக்கணக்கில் கையால் சுற்றிச்சுற்றியே கணக்கிட்டார். விநாடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது. கணவாய் இழையில் நேரடியாக அளந்தால் 21.2. வாயில் என்று ஒன்று இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாத காலத்தில் இந்த நெருக்கம்! ஒற்றை வாயிலின் வழியே ஓடும் மின்னோட்டத்தை எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் பதிவுசெய்தது 1976இல்தான். ஹாட்ஜ்கினுக்கும் ஹக்ஸ்லிக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே என்று போய்க்கொண்டே இருந்தால் இருப்பு தீர்ந்துவிடாதா? ஒரு துடிப்புக்குக் கணவாய் இழை இழப்பது தன்னிடமிருக்கும் பொட்டாசியத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. மெல்லிய இழைகளுக்கு இருப்பு குறைவு என்பதால் இழப்பின் பங்கு அதிகம். எப்படியானாலும், சவ்வில் ஒரு புரத பம்ப் ஓயாமல் வேலை செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நண்டின் நரம்புகளில் இந்தப் பம்பைக் கண்டவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, 1957இல். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்தை விழுங்குகிறது என்பார்களே, அதில் பெரும்பங்கு போவது இத்தகைய அயனிப் பம்புகளுக்குத்தான்.

அடைத்துக்கொண்ட சோடிய வாயில் உடனே மறுபடி திறக்காது என்பதால்தான் துடிப்பு முன்னோக்கி மட்டும் ஓடுகிறது. திசை நரம்பின் குணம் அல்ல. என்.சி.எஸ். அறையில் முழங்கையில் ஷாக் கொடுக்கும்போது துடிப்பு விரலை நோக்கியும் ஓடும், தோளை நோக்கியும் ஓடும். இயல்பில் ஒரு முனையிலிருந்து தொடங்குவதால் ஒரு பக்கம் மட்டும் போகிறது, அவ்வளவே.

துடிப்பின் உயரமும் மாறாது. மயிலிறகு தொட்டாலும் செங்கல் விழுந்தாலும் ஒரு இழையில் எழுவது ஒரே உயரத் துடிப்பு. தொடுதலின் விசை கூடினால் துடிப்புகள் அடிக்கடி வரும். எட்கர் ஏட்ரியன் 1926இல் ஒற்றை இழையிலிருந்து பதிவுசெய்து இதைக் காட்டினார்.

வேகம் வேண்டுமென்றால் இழையைத் தடிமனாக்க வேண்டும் என்பது கணவாயின் வழி. அது நமக்குக் கட்டுப்படியாகாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் என்று வைத்தால் பார்வை நரம்பு அரை மீட்டர் தடிமனாகிவிடும், தலையைவிடப் பெரியது. உண்மையில் அது சில மில்லிமீட்டர்தான். முதுகெலும்புள்ள உயிரினங்கள் கண்ட வழி மயலின் உறை. கொழுப்பு நிறைந்த சவ்வைத் துணை அணுக்கள் ஆக்சானைச் சுற்றிப் பல அடுக்காகச் சுருட்டிவிடுகின்றன. கசிவு அடைபடுகிறது. ஒரு மில்லிமீட்டர் போல விட்டுவிட்டு மட்டும் சிறு இடைவெளிகள். 1870களில் அவற்றை விவரித்த பிரெஞ்சுக்காரர் ரான்வியேயின் பெயரால் ரான்வியே கணுக்கள் என்கிறோம். சோடிய வாயில்கள் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். கணவாயின் அரை மில்லிமீட்டர் இழை தரும் வேகத்தை, தவளையின் உறையிட்ட இழை அதில் நாற்பதில் ஒரு பங்கு தடிமனிலேயே தந்துவிடுகிறது.

துடிப்பு கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுகிறது என்று பாடநூல்களில் படிக்கிறோம். ஜப்பானிய உடலியலாளர் இச்சிஜி தசாகி தவளையின் ஒற்றை இழைகளில் செய்த சோதனைகள் இதற்கு அடித்தளம். ஆனால் படத்தில் வரைவதுபோல ஒரு கணு அணைந்து அடுத்த கணு எரியும் என்று எடுத்துக்கொண்டால் தவறு. விநாடிக்கு 50 மீட்டரில் ஓடும் துடிப்பு, ஒரு கணுவில் அரை மில்லி செகண்ட் நீடித்தாலே இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும். எந்தக் கணத்தில் பார்த்தாலும் இருபது முப்பது கணுக்கள் சேர்ந்தே துடித்துக்கொண்டிருக்கும்.

எல்லா இழைகளுக்கும் உறை கிடையாது. நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் இது தெரியும். இடித்த உணர்வு முதலில் வரும். அதைக் கொண்டுவரும் தடித்த உறையிட்ட இழைகள் விநாடிக்கு 50, 60 மீட்டர் வேகக்காரர்கள். சுருக்கென்ற வலி 15, 20 மீட்டர் வேகத்தில் மெல்லிய உறையுள்ள இழைகளில் வரும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அய்யோ, இப்போது வரப்போகிறது என்று நமக்கே தெரியும். விண்விண்ணென்று தெறிக்கும் வலி உறையே இல்லாத இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் நடையில் வந்து சேரும். கால் விரலிலிருந்து முதுகுத்தண்டு ஒரு மீட்டர். அந்த இடைவெளியும் ஒரு விநாடி.

உறை சிதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் உதாரணம். அந்த நோயாளிகளுக்கு உடல் சூடேறினால் பார்வை மங்கும், கால் தளரும். சூடு தணிந்தால் சரியாகிவிடும். உடலை வருத்தி வேலை செய்தபின் இவர்களுக்குப் பார்வை மங்குவதை 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் கவனித்து எழுதினார். ஸ்கேன் இல்லாத நாட்களில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பதே ஒரு சோதனையாக இருந்தது. குளிர்ந்தால்தானே நரம்பு மெதுவாகும், சூட்டில் ஏன் நிற்க வேண்டும்? சூட்டில் வாயில்கள் வேகமாகத் திறப்பதோடு வேகமாக அடைத்துக்கொள்ளவும் செய்யும். துடிப்பு குறுகும், அடுத்த கணுவுக்குப் போகும் மின்னூட்டம் குறையும். நல்ல இழையில் தேவைக்குப் பல மடங்கு மிச்சம் இருப்பதால் இது ஒரு பொருட்டல்ல. உறை போன இழையில் எல்லாம் கசிந்தது போக, மட்டுமட்டாகத்தான் மிஞ்சியிருக்கும். அந்தக் கொஞ்சமும் குறைந்தால் அடுத்த கணு பற்றாது. செய்தி அங்கேயே நின்றுவிடும்.

வேண்டுமென்றே நிறுத்துவதும் உண்டு. பல் மருத்துவர் போடும் லிக்னோகெயின் ஊசி சோடிய வாயிலை அடைக்கிறது. அதுவும் வெளியிலிருந்து அல்ல. மருந்து மின்னூட்டம் இல்லாத வடிவில் சவ்வைக் கடந்து, உள்ளே போய் மின்னூட்டம் பெற்று, உட்புறமாக வந்து அடைக்கும். பல்லடியில் சீழ் கட்டியிருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது பட்டவர்களுக்குத் தெரியும். சீழ் பிடித்த இடம் அமிலமாக இருக்கும். அங்கே மருந்தின் பெரும்பகுதி வெளியிலேயே மின்னூட்டம் பெற்றுவிடுவதால் சவ்வைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறது. மரத்துப் போகட்டும் என்று காத்திருந்தால் மரத்துப் போகாது.

பேத்தை மீனின் நஞ்சு வெளிப்பக்கத்திலிருந்து அடைக்கும். டெட்ரோடோடாக்சின் என்ற அந்த நஞ்சு சோடிய வாயிலை மட்டும் தேர்ந்தெடுத்து மூடுகிறது என்று டோஷியோ நரஹாஷியும் சகாக்களும் 1964இல் காட்டினார்கள். உதடு மரத்துப்போவதில் தொடங்கி, கடைசியில் மூச்சுத் தசைகளுக்குப் போகும் நரம்புகளும் நின்றுவிடும். மூளைக்குள் அது எளிதில் நுழைவதில்லை என்பதால் ஆளுக்குப் பெரும்பாலும் நினைவு தப்பாது. மீன் மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்றால், அதன் சோடிய வாயில்களில் நஞ்சு ஒட்டும் இடத்தில் அமினோ அமிலம் மாறியிருக்கிறது.

இந்த இரண்டும் எந்த நரம்பு என்று பார்க்காமல் அடைப்பவை. வலி இழையை மட்டும் அடைக்க முடியுமா? மனிதரிடம் சோடிய வாயில்கள் ஒன்பது வகை. 2006இல் வடக்கு பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாதவர்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளிவந்தது. அதற்குத் தூண்டுகோல் ஒரு சிறுவன். தெருவில் கையில் கத்தியைச் செருகிக்காட்டியும் நெருப்புத் தணலில் நடந்துகாட்டியும் காசு சம்பாதித்தவன். கூரையிலிருந்து குதித்து, 14 வயது ஆகும் முன்பே இறந்துபோனான். அந்தக் குடும்பங்களில் என்.ஏ.வி. 1.7 என்ற ஒரே வகை வாயிலின் மரபணு பழுதுபட்டிருந்தது. தொடுதல், சூடு, குளிர் எல்லாம் தெரிந்தது. வலி மட்டும் இல்லை. மருந்து நிறுவனங்கள் 1.7ஐ அடைக்கப் போட்டிபோட்டன. பெரும்பாலும் தோல்வி.

பலன் கிடைத்தது பக்கத்து வாயிலில். என்.ஏ.வி. 1.8 முக்கியமாக வலி நரம்பணுக்களில் இருப்பது. மூளையில் அதற்கு வேலை இல்லை. அதை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி போன்ற திடீர் வலிகளுக்கான மருந்து அது. மூளையில் வேலை செய்யாததால், மார்ஃபின் வகை மருந்துகளைப்போல அடிமைப்படுத்தாது என்பது எதிர்பார்ப்பு. நீரிழிவுக்காரர்களின் பாதங்களில் ஆண்டுக்கணக்கில் எரியும் வலிக்கும் அது கேட்குமா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.